காத்திருந்தவரும் அலைந்தவரும்: ‘பிறவி’ படமும் ஈச்சர வாரியரும்

ஷாஜி என். கருணின் ‘பிறவி’யை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்போதெல்லாம் அந்த நேரத்தில் விருது வாங்கிய மாநில மொழிப் படங்களைப் போடுவார்கள். ‘அவார்டு படமா? அப்ப தூங்கலாம்’ என்று வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். மழை, தோணி, பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு கிழவர், மறுபடி மழை. படம் முடியும்போது அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கிழவருடைய மகனுக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டிருந்தால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

முப்பது வருடம் போயிற்று. 2021இல் ‘ஜெய் பீம்’ வந்தது. அதில் வழக்கறிஞர் சந்துரு, ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை விசாரிக்க வேண்டும் என்று கேட்கும்போது, கேரளத்தின் ராஜன் வழக்கை முன்னுதாரணமாகச் சொல்வார். படம் பார்த்த கையோடு அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். கேரள உயர் நீதிமன்றம், 1977. மனுதாரர் டி.வி. ஈச்சர வாரியர். நாலைந்து பக்கம் போனதும்தான், அட, இது ‘பிறவி’யின் கதை ஆயிற்றே என்று உறைத்தது. பிறகு வாரியரே எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்தேன் (தமிழிலும் வந்திருக்கிறது). அதையும் முடித்துவிட்டு மறுபடி ‘பிறவி’யைப் போட்டுப் பார்த்தேன்.

இந்த முறை அழுகை வரவில்லை. படத்தின் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி நியாயம், பாதி அவசரக்குடுக்கைத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டையும் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜன் வழக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975 ஜூன் 25 அன்று அவசரநிலை வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று கோழிக்கோடு மாவட்டத்தில் காயண்ணா காவல் நிலையத்தை ஒரு நக்சல் குழு தாக்கியது. மார்ச் 1 அதிகாலை, சாத்தமங்கலத்தில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியின் (இன்றைய என்.ஐ.டி.) விடுதிக்குப் போலீஸ் வந்து, இறுதி ஆண்டு மாணவன் ராஜனைப் பிடித்துக்கொண்டு போனது. ஃபாரூக் கல்லூரியில் நடந்த கலைவிழாவுக்குப் போய்விட்டு மற்ற மாணவர்களோடு அப்போதுதான் திரும்பியிருந்தான். நன்றாகப் பாடுகிற பையன். கக்கயம் என்ற மலைப்பகுதியில் போலீஸ் ஒரு முகாம் போட்டிருந்தது. டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் அதற்குப் பொறுப்பு. அங்கே கொண்டுபோனார்கள். பிடித்து வந்தவர்களைப் பெஞ்சில் கிடத்திக் கட்டி, தொடைமேல் உலக்கையை வைத்து அழுத்தி உருட்டுவது அங்கே நடந்த விசாரணை. மலையாளத்திலும் அதற்கு உருட்டல் என்றுதான் பெயர். அந்தச் சொல்லைப் படிக்க நமக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

ராஜன் அங்கிருந்து திரும்பவில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

வாரியர் ஓர் இந்திப் பேராசிரியர். மகனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது என்று கல்லூரி முதல்வர் பதிவுத் தபாலில் அவருக்கு எழுதினார். இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரநிலைக் காலத்தில், போலீஸ் பிடித்துப்போன மாணவனைப் பற்றி ஒரு கல்லூரி முதல்வர் பதிவுத் தபால் அனுப்புவது சாதாரணக் காரியம் இல்லை. வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.

அதன்பிறகு ஒரு வருடம் வாரியர் அலைந்தார். மார்ச் 10 அன்று உள்துறை அமைச்சர் கே. கருணாகரனைப் பார்த்ததாகச் சொல்கிறார். பையன் ஏதோ பெரிய வழக்கில் மாட்டியிருக்கிறான் என்று அமைச்சர் சொன்னதாக வாரியர் தரப்பு. அமைச்சர் பின்னால் அதை மறுத்தார். முதலமைச்சர் சி. அச்சுத மேனனைப் போய்ப் பார்த்தார். மேனன் எளிமைக்கும் நேர்மைக்கும் பேர்போன கம்யூனிஸ்ட். அவர் எரிச்சல்பட்டு அனுப்பியதை வாரியர் எழுதுகிற இடத்தில் கருணாகரன் மேல் இருப்பதைவிட அதிகமான வருத்தம் தெரிகிறது. நல்லவர் என்று நம்பிப் போனவரிடம் படும் அடி அது. உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவர், மத்திய உள்துறை அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று மனுமேல் மனு போட்டார்.

நேராகக் கோர்ட்டுக்கே போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 1976 ஏப்ரல் 28 அன்று, அவசரநிலை நடக்கும்போது ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். ஆக, அந்தக் கதவும் சாத்தியிருந்தது.

1977 மார்ச் 21 அன்று அவசரநிலை விலகியது. அந்த மாதம் முடிவதற்குள் வாரியரின் மனு கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்தது. அதற்குள் கருணாகரன் முதலமைச்சர் ஆகிவிட்டார். ராஜன் எங்கள் காவலில் இருந்ததே இல்லை என்று அரசுத் தரப்பில் வரிசையாக உறுதிமொழிப் பத்திரங்கள் வந்தன. நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலிதும் அந்தப் பத்திரங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ‘ஜெய் பீம்’ வழக்கறிஞர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். கல்லூரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். கக்கயத்தில் அடைபட்டிருந்தவர்கள் வந்து, ராஜனை அங்கே பார்த்தோம் என்றார்கள். ஏப்ரல் 13 அன்று, ராஜன் போலீஸ் காவலில்தான் இருந்தான், ஏப்ரல் 21க்குள் அவனை ஆஜர்படுத்துங்கள் என்று தீர்ப்பு. பொறியில் மாட்டிய அரசு, பிறகு கதையை மாற்றியது. ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். ராஜன் காவலில் இறந்துவிட்டான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். இறந்த தேதி 1976 மார்ச் 2.

மார்ச் 2. பிடித்துப்போன மறுநாள்.

வாரியர் அமைச்சரைப் பார்த்தது மார்ச் 10 என்றால், அன்றைக்கு ராஜன் செத்து எட்டு நாள். அவர் எழுதிய அத்தனை மனுவும், ஏறிய அத்தனை படியும், உயிரோடு இல்லாத ஒருவனை விடச்சொல்லிக் கேட்டவை. அதை வாங்கிப் படித்து முத்திரை குத்திய அலுவலகங்களில் எங்கோ ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும்.

இந்தத் தேதிகளையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு ‘பிறவி’யைப் பார்த்தால் ஏன் கோபம் வரும் என்பது புரியும்.

படத்தில் தந்தையின் பெயர் ராகவ சாக்யார். மகன் ரகு, வயதான காலத்தில் பிறந்தவன், வெளியூரில் பொறியியல் படிக்கிறான். அக்கா மாலதியின் நிச்சயதார்த்தத்துக்கு வரவேண்டியவன் வரவில்லை. சாக்யார் தினமும் பஸ் நிற்குமிடத்துக்குப் போய்க் காத்திருக்கிறார். கடைசி பஸ்ஸும் போனபின் திரும்பி வருகிறார். போலீஸ் பிடித்த செய்தி பத்திரிகை வழியாக வருகிறது. அவர் தலைநகரம் போய் அமைச்சரைப் பார்க்கிறார், போலீஸ் அதிகாரியைப் பார்க்கிறார். ஒன்றும் தெரியாது என்கிறார்கள். திரும்பி வருகிறார். மறுபடி காத்திருக்கிறார். மழை பெய்கிறது.

எவ்வளவு அழகான படம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சன்னி ஜோசப்பின் ஒளிப்பதிவு, டி. கிருஷ்ணனுண்ணியின் ஒலிப்பதிவு, அந்த மழைச்சத்தம். கான் விழாவில் 1989இல் கேமரா தோர் பிரிவில் சிறப்பு மென்ஷன். தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர். மாலதியாக வரும் அர்ச்சனா நமக்கு ‘வீடு’ படத்தில் பழக்கமானவர். இங்கேயும் அதே மாதிரி, சத்தமே போடாமல் படத்தைத் தூக்கிச் சுமக்கிறார்.

என் குறை வேறு. 1976இல் வாரியருக்கு வயது 54. சாக்யாராக நடித்த பிரேம்ஜிக்கு அப்போது எண்பது. ஒரு தந்தைக்குக் கால் நூற்றாண்டைக் கூட்டி வைத்தால் என்ன ஆகும்? அவரால் காத்திருக்கத்தான் முடியும். நடுங்கும் கை, கேட்காத காது, தோணியில் ஏற ஒருவர் கைகொடுக்க வேண்டிய உடம்பு. பரிதாபம் தானாக வந்துவிடுகிறது. ஆனால் வாரியர் பரிதாபத்துக்குரிய ஆளாக எங்கேயும் போய் நிற்கவில்லை. தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு, பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டுக் கடிதம் போட்ட மனுஷன் அவர். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பிரேம்ஜியே நம்பூதிரி சமூகச் சீர்திருத்த இயக்கத்தில் இருந்தவர், ஊர் எதிர்ப்பை மீறி விதவையை மணந்துகொண்டவர். அடங்கிப்போன கிழவராக நடிக்கப் போராட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

இன்னொன்று, படத்தில் தேதியே இல்லை. மழை எப்போது தொடங்கியது எப்போது நின்றது என்று தெரியாத மாதிரி, ரகு போய் எத்தனை நாள் ஆச்சு என்பதும் கரைந்துபோகிறது. காணாமல் போனவர்களின் வீட்டில் இப்படிக் கரையாது. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சட்டை, கடைசியாகப் பார்த்தது யார், அவர் நின்ற இடம் எது என்று நாள் போகப்போக இன்னும் கூர்மையாகத்தான் ஆகும். சாப்பிட்டது கூட மறந்துபோகும், அது மறக்காது. தேதிகளை எடுத்துவிட்டால் நடந்தது குற்றம் என்பதே மங்கிவிடுகிறது. புயலில் மகனைப் பறிகொடுத்த தந்தைக்கும் போலீஸிடம் பறிகொடுத்த தந்தைக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. அவ்வளவு மழையும் இந்த வேலையைத்தான் செய்கிறது என்று பட்டது. உலக்கையை எடுத்துவிட்டு மழையை வைத்த மாதிரி.

அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். பார்ப்பார்கள். கோஸ்டா காவ்ராஸின் ‘மிஸ்ஸிங்’ (1982) முழுக்க அதுதான். சிலியில் ராணுவ ஆட்சி வந்தபோது காணாமல் போன அமெரிக்க இளைஞனைத் தேடி அவன் தந்தை தூதரகம், மருத்துவமனை, விளையாட்டு மைதானம் என்று அலைகிறார். தன் நாட்டு அரசாங்கத்தின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை படி படியாக இறங்குவதுதான் கதை. ‘ஜெய் பீம்’ படத்தில் செங்கேணி நடக்கும் நடையும் அப்படிப்பட்டதுதான், வழக்கறிஞர் வந்ததும் படம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்றாலும்.

நம் மொழியிலேயே இந்தத் தகராறு இருக்கிறது. ‘காணாமல் போனார்’ என்கிறோம். போனவர் அவர், தானாகப் போன மாதிரி. இலங்கைத் தமிழர்கள் இதற்கு மேல் பொறுக்காமல் ‘காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்கள் வருடக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அவர்கள் வாயில் அந்த ‘ஆக்கப்பட்ட’ என்ற சொல் இலக்கணம் இல்லை, புகார். ‘பிறவி’ காணாமல் போனவனைப் பற்றிய படம். வாரியருடையது காணாமல் ஆக்கப்பட்டவனைப் பற்றிய புத்தகம். இப்படித்தான் என் நோட்டில் எழுதி, இரண்டு கோடு போட்டு, கட்டுரை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

முடியவில்லை. காரணம், வாரியர் புத்தகத்தில் அவர் மனைவி வருகிற பக்கங்கள்.

நீதிமன்றத்தில் உண்மையை அடித்துப் பிடுங்கிய மனுஷன், வீட்டில் அதைச் சொல்லவில்லை. ராஜன் இறந்துவிட்டான் என்று தாயிடம் சொல்லவே இல்லை. அவருக்கு மனநிலை பாதித்து, சிகிச்சையில் இருந்தார். மகன் எங்கே, எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏதாவது ஒரு பதில் சொல்லி அனுப்பவேண்டியிருந்தது. 1976இல் தொடங்கி 2000இல் அவர் இறக்கும்வரை இருபத்துநாலு வருடம். சாவதற்குச் சில நாள் முன்பு, சேர்த்து வைத்திருந்த சில்லறைக் காசுகளைப் பொட்டலமாகக் கட்டி, ராஜனிடம் கொடுக்கச் சொல்லி வாரியரின் கையில் கொடுத்திருக்கிறார்.

அந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அவ்வளவு நேரமும் நான் வாரியரை ஒரு வீரராக வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ‘அவன் எங்களிடம் இல்லை’ என்று அரசு அவரிடம் சொன்னது. ‘அவன் வருவான்’ என்ற மாதிரி அவர் வீட்டில் சொல்லவேண்டியிருந்தது. முதல் பொய் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது, இரண்டாவது அன்பில் சொன்னது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, தெரியும். ஆனாலும் முதல் பொய் இல்லாவிட்டால் இரண்டாவது வந்திருக்காது. ஓர் உடலைக் கொடுத்திருந்தால், எரித்து, சாம்பலைக் கரைத்து, அந்தத் தாயிடமும் எப்படியோ சொல்லியிருப்பார்கள். காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒரு தாயிடம் போய் ‘செத்துவிட்டான்’ என்று எதை வைத்துச் சொல்வது? வாரியர் இதற்குத் தன் மேல் சமாதானம் எதுவும் தேடிக்கொள்வதில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதிவிட்டு நகர்கிறார். அதனால்தான் அந்தப் பக்கங்கள் தாங்கமுடியாமல் இருக்கின்றன.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். என் சின்ன மாமா எண்பதுகளில் வேலைக்கு என்று வடக்கே போனவர், திரும்பவில்லை. போலீஸ், அரசியல் எதுவும் கிடையாது. ஆள் இல்லை, அவ்வளவுதான். வருடங்கள் கழித்துச் சொத்துப் பிரிக்கும்போது ஒரு வக்கீல் வழி சொன்னார். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 108ஆவது பிரிவு: ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். (இப்போது சட்டத்தின் பெயர் மாறிவிட்டது, ஏழு வருடம் மாறவில்லை.) காகிதத்தைத் தயார்செய்து அம்மாச்சியிடம் கொண்டுபோனார்கள். அவள் படித்தவள் இல்லை. என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள். சொன்னார்கள். “எம் புள்ள செத்துப்போனான்னு நானே ரேகை வச்சுக் குடுக்கணுமா?” என்று கேட்டுவிட்டுப் பேனா மைப் பெட்டியைத் தள்ளிவிட்டாள். பாகம் பிரிக்கவே இல்லை. அவள் போனபிறகும் யாருக்கும் அந்தக் காகிதத்தை மறுபடி எடுக்கத் தைரியம் வரவில்லை. பட்டாவில் மாமா பேர் இன்னும் இருக்கிறது.

வேறு ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. பெரிய மாமாவுக்கு ஏதோ தகவல் வந்திருந்தது, லாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார், அம்மாவுக்கும் அது தெரியும் என்பதெல்லாம் அம்மாச்சி போய்ப் பல வருடம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் வெளியே வந்தது.

சரி, படத்துக்கு வருகிறேன். மூன்றாவது முறை ‘பிறவி’யைப் பார்த்தபோது நான் சாக்யாரைப் பார்க்கவில்லை. மாலதியைப் பார்த்தேன். தம்பியின் நண்பர்களைப் போய்ப் பார்ப்பது அவள்தான். சித்திரவதையில் அவன் செத்திருக்கவேண்டும் என்பதை அறிந்துகொள்வதும் அவள்தான். வீட்டுக்கு வந்தபிறகு அப்பாவிடம் அவளால் சொல்ல முடியவில்லை. அதற்குப்பின் வரும் ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குத் தெரியும், ஒருவருக்குத் தெரியாது. அப்பா பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். மகள் தடுக்கவும் முடியாமல், போ என்று சொல்லவும் முடியாமல் நிற்கிறாள். மழையில் நனைந்துபோன கிழவரையே பார்த்துக்கொண்டிருந்த நான், இரண்டு முறையும் இவள் முகத்தைக் கவனிக்கவே இல்லை. கிழவரின் மனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, மகன் பக்கத்தில் இருப்பதாகவே ஆகிவிடுவதற்கு அவளும் ஒரு காரணம் ஆகிறாள் என்பது அவளுக்கும் தெரியும்.

வாரியர் புத்தகம் ‘பிறவி’ வந்து பல வருடம் கழித்து வந்தது. நீலன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை ஆசிய மனித உரிமை ஆணையம் ஹாங்காங்கிலிருந்து வெளியிட்டது 2004இல்தான். ஆக, 1988இல் படம் எடுத்தவர்கள் முன்னால் அந்தப் புத்தகம் இல்லை. வாரியர் வீட்டுக்குள் நடந்ததை அவர்கள் இன்னொரு கோணத்தில் சரியாகப் பிடித்திருக்கிறார்கள், ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். தீர்ப்பில் இதற்கு இடமே கிடையாது. உடலை எங்கே மறைத்தார்கள் என்பதை நீதிமன்றம் கேட்கலாம். ஒரு வீட்டுக்குள் யார் யாரிடம் எதை மறைத்தார்கள் என்பதைக் கேட்க எந்த மனுவும் இல்லை. எண்பது வயதுக் கிழவரை வைத்ததற்கும் இப்போது வேறு ஒரு நியாயம் தெரிகிறது. 54 வயதுக்காரராக இருந்திருந்தால் மகள் சொல்லியிருப்பாள், அவரும் கோர்ட்டுக்குப் போயிருப்பார்.

அப்படியானால் என் கோபம் தப்பா? முழுக்கத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ‘பிறவி’க்குப் பிறகு நம் பக்கத்துக் கலைப்படங்களில் காணாமல் போனவரின் வீடு என்றாலே திண்ணையில் ஒருவர், தூரத்தில் ஒரு பாதை, நீளமான ஷாட் என்று ஆகிப்போனது. ஷாஜி செய்தது கண்டுபிடிப்பு. மற்றவர்கள் செய்வது பழக்கம். அந்தப் பழக்கத்தில் மனு எழுதுகிற கை வராது, நகல் எடுத்து வைக்கும் இரும்புப்பெட்டி வராது, ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் குமாஸ்தா வரமாட்டார். பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம். காத்திருப்பவரைப் பார்த்துக் கண்ணீர் விடலாம். மனு கொடுப்பவரைப் பார்த்தால், அவர் நம்மிடமும் ஒரு கையெழுத்துக் கேட்பார்.

வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். போலீஸ் அதிகாரிகள் மீதான விசாரணை கேரளத்துக்கு வெளியே, கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வேறு பிரிவுகளில் கிடைத்த சின்னத் தண்டனையும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. படிக்கல் பின்னாளில் கேரளக் காவல்துறையின் தலைவரே ஆனார். கருணாகரன் மறுபடியும் முதலமைச்சராக வந்தார், ஒரு முறை அல்ல. உடலை என்ன செய்தார்கள் என்பதற்குப் பல கதைகள் உண்டு, நீதிமன்றத்தில் நின்ற கதை ஒன்றும் இல்லை. வாரியர் 2006இல் இறக்கும்வரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இறந்துவிட்டான் என்ற பதிலை அரசு கொடுத்துவிட்டதே, இனி என்ன என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆட்கொணர்வு மனுவுக்கு லத்தீனில் இருக்கும் பெயர் ‘உடலைக் கொண்டுவா’ என்று பொருள்படும். நாம் ‘ஆள்’ என்று மாற்றிக்கொண்டோம், கேட்க மரியாதையாக இருக்கிறது. வாரியர் ஆளைக் கேட்டு மனு போட்டார். ஆள் இல்லை என்று ஆனபின் உடலைக் கேட்டார். அது எங்கே என்று கேட்டார். மூன்றில் ஒன்றுகூட வரவில்லை, ஒரு தேதி மட்டும் வந்தது.

தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் சாட்சிகள் வரும் பகுதியை யாராலும் படித்துவிட முடியும். முதலில் அதைப் படியுங்கள், பிறகு வாரியர், கடைசியாகப் படம். நான் தலைகீழாகப் போனதால் எனக்கு முப்பது வருடம் பிடித்தது. படம் பார்க்கும்போது மாலதி விடுதியிலிருந்து வீடு திரும்பும் இடத்திலிருந்து அவளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.